மெயில் அனுப்பக் கற்றுக்கொடுத்தேன்

கம்ப்யூட்டர் ஆசிரியர் வேலை ஒன்றை நான் என் போனாலேயே இழந்தேன். இதை வெளியில் சொல்ல எனக்கு ஆறு வருடம் ஆயிற்று.

அப்போது காவலூரில் இருந்தோம். கையில் வேலை இல்லை. என் மனைவி செல்வி ஐந்து மாதக் கர்ப்பம். ஆலங்காயத்தில் ஒரு தனியார் பள்ளிக்கு விண்ணப்பித்திருந்தேன். நேர்முகத்துக்கு மெயிலில் கூப்பிடுவதாகச் சொன்னார்கள்.

ஒரு வாரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தமே இல்லை.

"டவரு இல்லியோ இன்னாவோ. அந்தப் பாற மேல ஏறிப் பாருங்க" என்றாள் செல்வி.

ஏறினேன். போனை அணைத்துப் போட்டேன். சிம்மைக் கழற்றிச் சட்டையில் துடைத்தேன். (கம்ப்யூட்டரில் பட்டம் வாங்கியவன்.) மெயிலைத் திறக்கும்போதெல்லாம் மேலே சின்ன எழுத்தில் ஒரு வரி வந்தது. விளம்பரம் என்று தள்ளிவிட்டேன்.

எட்டாம் நாள் பள்ளிக்கே போன் செய்தேன். அலுவலக அம்மா எடுத்தார்.

"மூணு மெயில் போட்டுட்டமே சார்."

"ஒண்ணும் வர்லீங்க. உங்க கம்ப்யூட்டர்லதான் கோளாறு."

அதோடு விட்டிருக்கலாம். மெயில் அனுப்புவது எப்படி என்று பத்து நிமிடம் அவருக்குப் பாடம் நடத்தினேன். அவர் "சரிங்க சார், சரிங்க சார்" என்று கேட்டுக்கொண்டார்.

மறுநாள் ஆலங்காயம் போய், பஸ் நிலையத்துக்கு எதிரிலிருந்த செல்போன் கடையில் போனைக் கொடுத்தேன். கடை நடத்தும் பெண் இரண்டு இடத்தில் தொட்டாள்.

"இன்னாண்ணா, மெயில் தானா எறங்குற சிங்க்க ஆஃப் பண்ணி வச்சிகிறீங்க? மெயில் எப்படி வரும்? மேலயே எழுதிகீது பாருங்க."

"யாரு ஆஃப் பண்ணது?"

"போனு தானா பண்ணிக்காதுண்ணா."

சார்ஜ் மிச்சம் பிடிக்கிறேன் என்று நானே ஒருநாள் அணைத்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அவள் ஆன் செய்தாள். நான்கு முறை மணி அடித்தது. திங்கட்கிழமை வரவும். நீங்கள் வரவில்லையே, புதன்கிழமை வரவும். தாங்கள் நலமா? நான்காவது அன்று காலையில் வந்தது. கடைக்காரப் பெண் சத்தமாகவே படித்தாள்: "தாங்கள் கற்றுத்தந்த முறைப்படி இதை அனுப்புகிறோம். பணியிடம் நிரப்பப்பட்டுவிட்டது."

ரீசார்ஜுக்கு நின்றிருந்தவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் இருந்தது பெரிய உதவி.

நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அலுவலக அம்மா நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, "இப்ப வந்துச்சிங்களா சார்?" என்று அக்கறையாக விசாரித்தார். அந்த அக்கறையைத்தான் தாங்க முடியவில்லை.

இரண்டு மாதம் கழித்து வேறு வேலை கிடைத்தது. ஆனால் வீட்டில் இன்றுவரை, சாப்பிடக் கூப்பிட்டு நான் அசையாமல் இருந்தால் செல்வி இரண்டு முறை கூப்பிடுவாள். மூன்றாவது முறை மகளை அனுப்புவாள். மகள் கதவருகில் கைகட்டி நின்று கேட்பாள்:

"தாங்கள் நலமா?"

எழுந்து போய்விடுவேன்.