பெரிய மீன் மேலிடத்துக்கு

எங்கள் நீர்த்தர ஆய்வு அலுவலகத்தில் ஏரி மீனைச் சோதிப்பது பொதுநலன் கருதிய பணி. சோதனைக்கு விரலளவு சதை போதும். மீதியை வீணாக்கக் கூடாது என்பதும் பொதுநலன் கருதியே. ஆகவே அது பதவி வரிசைப்படி வீடு போய்ச் சேரும்: இயக்குநருக்குப் பெரிய மீன், கண்காணிப்பாளருக்கு நடுத்தரம், ஓட்டுநருக்குப் பொடி மீன். இன்னும் வேலை நிரந்தரமாகாத எனக்கு வாசனை.

அன்று முடிவைப் பார்த்ததும் என்மேல் நம்பிக்கையில்லாமல் மறுபடியும் சோதித்தேன். ஏரித் தண்ணீரில் பாதரசம் இருப்பதே தெரியவில்லை. பொடி மீனில் கொஞ்சம் இருந்தது. அதைத் தின்ற நடுத்தர மீனில் அதிகம். பல வருடம் எல்லோரையும் தின்று கொழுத்த பெரிய மீனில், அனுமதித்த அளவைப் போல ஆறு மடங்கு.

கண்காணிப்பாளரிடம் ஓடினேன்.

"சார், அந்தப் பெரிய மீனை ஐயா சாப்பிடக் கூடாது."

"ஏன், உனக்கு வேணுமா?"

"ஐயோ, அதுல பாதரசம் சேர்ந்திருக்கு சார். பொடி மீன்லதான் கம்மி."

"ஐயாவுக்குப் பொடி, டிரைவருக்குப் பெருசா? ஏம்மா, வேலை நிரந்தரமாகணும்னு ஆசையே இல்லியா?"

சத்தம் கேட்டு இயக்குநரே வெளியே வந்தார். "தண்ணி எப்படி?"

"தண்ணி பரவாயில்ல ஐயா. எல்லாம் மீனுக்குள்ள போயிடுது."

"அப்போ மீன் ஏரியைச் சுத்தம் பண்ணுது!"

"ஆனா அந்த மீனைத் தின்னா..."

"மீனையும் சுத்தம் பண்ணின மாதிரி. எதுல அதிகம்?"

"பெருசுல ஐயா."

இயக்குநரின் முகத்தில் தியாகக் களை வந்தது. "பெரிய பொறுப்பு. யார் ஏத்துக்கிறது?"

"ஐயாவை விட்டா யாரு?" என்றார் கண்காணிப்பாளர், கண் கலங்கி.

மறுநாள், ஏரித் தூய்மைப் பணியில் ஊழியர்களின் பங்களிப்பைப் பாராட்டிச் சுற்றறிக்கை வந்தது. செய்தி ஊருக்குள் பரவியதும் சந்தையில் பெரிய மீனுக்கு அடிதடி. ஏரி இவ்வளவு சுத்தமாக இருப்பதைக் கேள்விப்பட்ட கரையோரத் தொழிற்சாலை, இன்னொரு கழிவுக் குழாய்க்கு அனுமதி கேட்டது. கிடைத்தது.

உண்மையைக் கண்டுபிடித்தவள் என்று எனக்கு வேலை நிரந்தரமானது. ஆணையோடு ஒரு நடுத்தர மீனும் வந்தது. ஒன்றை மறுத்தால் இன்னொன்றும் திரும்பிவிடும் என்றார்கள்.

வீட்டில் அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கி, பக்கத்து வீட்டுக்காரியிடம் காட்டிவிட்டு வந்தாள்.

"அம்மா, இதைச் சாப்பிட வேண்டாம்மா. சொன்னாக் கேளு."

"சின்னதா இருக்குன்னு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காதடி," என்றாள் அம்மா, அடுப்பைப் பற்றவைத்தபடி. "நல்லா வேலை பாரு. பெருசு தானா வரும்."