படத்தில் இருப்பவர் உள்ளே இருக்கிறார்

மதுரை வெயிலைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒரே மனிதர் இந்த உலகத்திலேயே நிப்பாட்டு அண்ணன்தான். சித்திரை மாதத்து மத்தியானம், தார் ரோடு செருப்போடு ஒட்டிக்கொண்டு வருகிற நேரம், ஊரே நிழலைத் தேடி ஓடும். அவர் மட்டும் பைக்கின் பின்சீட்டில் பாதி எழுந்து நின்று, "என்னமா அடிக்குது பாரு மாப்ள" என்று பூரித்துப்போவார். அடுத்து என் முதுகில் இரண்டு தட்டு. "நிப்பாட்டு, நிப்பாட்டு."

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் கம்பெனியில் வாட்ச்மேன் முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் அவர் நிப்பாட்டுதான். அவரோடு ஒரே ஒரு நாள் ரோட்டில் போய்வந்தவர்களுக்கு வேறு பெயர் வாயில் வராது.

விவசாயக் கிணறுகளுக்கு மோட்டார் பம்பு விற்கிற கம்பெனி அது. ஆரப்பாளையத்தில் ஆபீஸ். நான் விற்பனை, அவர் சர்வீஸ் மெக்கானிக். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பைக். ஓட்டுவது நான்; அவர் ஓட்டினால் கண் ரோட்டில் இருக்காது, வானத்தில் இருக்கும். மடியில் எப்போதும் இரண்டு பைகள் வைத்திருப்பார். ஒன்றில் ஸ்பானர்கள், இன்னொன்றில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய கேமரா.

அந்தக் கேமராவில் ஆட்களை எடுக்கவே மாட்டார். கல்யாணம், காதுகுத்து என்று யார் கூப்பிட்டாலும், மனுசப் பயலுக ஒரு இடத்தில் நிற்க மாட்டார்கள் என்று கழன்றுகொள்வார். எடுப்பதெல்லாம் கண்மாய், பொட்டல், பனைமரம், மலை, மேகம். அதுவும் கறுப்பு வெள்ளையில் மட்டும். கலரில் எடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று ஒருமுறை தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன். நாகமலை அடிவாரத்தில் வண்டியை நிறுத்த வைத்து, அதே இடத்தைக் கலரில் ஒன்று, கறுப்பு வெள்ளையில் ஒன்று எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"கலர்ல பாரு, சாயம் போன லுங்கி மாதிரி இருக்கு. இதுல பாரு, நெழலு மை ஊத்துனாப்ல நிக்குது. வெயிலு நமக்காக மாறாது மாப்ள. நாமதேன் மாறிக்கிரணும்."

சும்மா சொல்லக்கூடாது, அந்த இரண்டாவது படத்தில் மலை சிலிர்த்துக்கொண்டு நின்றது. பழக்கூடையைச் சுற்றி வருகிற சிவப்புக் கண்ணாடித்தாளில் ஒரு துண்டு வைத்திருப்பார். அதை லென்சுக்கு முன்னால் பிடித்தால் நீல வானம் கறுத்துப்போய், மேகம் மட்டும் பால் பொங்கினது போல வெள்ளையாக நிற்கும். இதற்காகவே ஊரில் யார் ஆஸ்பத்திரியில் படுத்தாலும் முதல் ஆளாகப் போய்ப் பார்த்துவிடுவார்.

வாடிப்பட்டிப் பக்கம் ஒரு மேகத்துக்காக நாற்பது நிமிஷம் நின்றோம். அதன் நிழல் நகர்ந்து வந்து கண்மாயைத் தொட வேண்டுமாம். சந்தேகப்பட்டு ஒரு போலீஸ்காரர் வண்டியை நிறுத்தி விசாரித்தார். நிப்பாட்டு அண்ணன் மேகத்தைக் காட்டி விளக்கினார். கொஞ்ச நேரத்தில் போலீஸ்காரரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எங்களோடு நின்றார். நிழல் கண்மாய்க்குப் பத்தடி முன்னால் வேறு பக்கம் திரும்பியபோது மூன்று பேரில் அதிகம் வருத்தப்பட்டது போலீஸ்காரர்தான்.

இன்னொரு நாள், மோட்டார் ஓடவில்லை என்று கூப்பிட்ட விவசாயியின் கிணற்றுக்குப் பத்து மணிக்கே போய்விட்டு, பன்னிரண்டு மணி வரை ஸ்பானரைத் தொடவில்லை. உச்சி வெயில் நேராகக் கிணற்றுக்குள் இறங்குவதைப் படம் எடுக்கக் காத்திருந்தார். எடுத்து முடித்த பிறகு ஐந்தே நிமிஷத்தில் மோட்டாரை ஓட வைத்தார். அந்தக் கைராசிக்காகத்தான் கம்பெனி அவரைப் பொறுத்துக்கொண்டிருந்தது.

என்னை யாரும் பொறுத்துக்கொள்ளத் தயாராக இல்லை. ஆறு மாதத்துக்குள் தேறினால்தான் வேலை நிரந்தரம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஐந்தாவது மாதம் ஓடிக்கொண்டிருந்தது. எந்தக் கடைக்கும் நான் நேரத்துக்குப் போனதில்லை. காரணம் சொல்லத் தேவையில்லை. மிச்சம் இருந்த ஒரே நம்பிக்கை மாயாண்டியண்ணன். மேற்கே உள்ள கிராமங்களில் அவர் சொன்ன மோட்டாரைத்தான் வாங்குவார்கள். காளவாசல் தாண்டித் தேனி ரோட்டில் பெரிய கடை திறக்கப்போகிறார். எங்கள் பம்பை அவர் அங்கே வைத்தால் என் வேலை நிற்கும். வைக்காவிட்டால் நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

கடை திறப்புக்கு அவர் மனம் குளிர ஒரு பரிசு கொடுக்க வேண்டும், அவரையே ஒரு படம் எடுத்துத் தாருங்கள் என்று நிப்பாட்டு அண்ணனிடம் கெஞ்சினேன். "ஒனக்காக எடுக்குறேன். வேற எவனுக்கும் எடுக்க மாட்டேன்" என்றார்.

மாயாண்டியண்ணன் ஓய்வாக இருந்தது மத்தியானம் ஒரு மணிக்குத்தான். அந்த வெயிலில் கண்ணுக்குக் கீழே குழி குழியாக நிழல் விழுந்தது. நிப்பாட்டு அண்ணன் அசரவில்லை. அவரைக் கண்மாய்க் கரையில் நிறுத்தி, தலையைத் தூக்கி மேகத்தைப் பார்க்கச் சொன்னார். முகத்தில் வெளிச்சம் அள்ளி ஊற்றியது. வெள்ளை வேட்டி, கறுத்த வானம், பின்னால் மலை, மேலே பார்க்கிற கண்கள். அப்படி ஒரு படத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பெரிதாகப் பிரிண்ட் போட்டு, நானே கடைக்குப் போய் வழுவழுவென்று கறுப்புச் சட்டம் தேர்ந்தெடுத்தேன்.

கறுப்பு வெள்ளைப் படம், கறுப்புச் சட்டம், வானத்தைப் பார்க்கிற பார்வை. மதுரையில் பிறந்து, சுவரெல்லாம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் பார்த்து வளர்ந்த எனக்கு ஏன் உறைக்கவில்லை என்று இன்றுவரை புரியவில்லை.

திறப்பு விழா அன்று காலையிலேயே போய்விட்டோம். மாயாண்டியண்ணன் சாமி கும்பிட அழகர்கோவில் போயிருந்தார். படத்தைக் கடை வாசலில் நாற்காலி மேல் சாய்த்து வைத்துவிட்டு, எதிரே டீக்கடைக்குப் போனோம். அந்த நேரத்தில் பூக்காரர் மாலைகளோடு வந்து இறங்கினார். வாசலைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், தன் தொழிலுக்கு உரியதைச் செய்தார். பெரிய மாலையாக எடுத்துப் படத்துக்குப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அடுத்து வந்தது செக்கானூரணியிலிருந்து மாயாண்டியண்ணனின் தங்கச்சி, சீர்த்தட்டோடு. தட்டு விழுந்த சத்தம் டீக்கடை வரை கேட்டது. அந்தம்மா படத்தைக் கட்டிக்கொண்டு எடுத்த ஒப்பாரியில், கூட வந்த பெண்கள் விவரம் கேட்காமலே மாரில் அடித்துக்கொண்டார்கள். திறப்பு விழாவுக்கு வாசித்துக்கொண்டிருந்த உறுமி மேளக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர்களுக்கு இரண்டு அடியும் தெரியும். அடியை மாற்றிவிட்டார்கள். தேனி பஸ் ஒன்று வேகம் குறைத்து, மரியாதையாக ஹாரன் அடிக்காமல் போயிற்று. சரியாக அப்போது எங்கள் மேனேஜர் காரிலிருந்து பூங்கொத்தோடு இறங்கினார். கூட்டத்தைப் பார்த்தார், முகத்தை மாற்றிக்கொண்டார், பூங்கொத்தைப் படத்தின் காலடியில் வைத்துக் கைகட்டி நின்றார்.

நான் ரோட்டைத் தாண்டி ஓடி வந்து, இல்லை இல்லை என்று கத்தினேன். மேளச் சத்தத்தில் நானும் அழுகிறேன் என்று நினைத்து ஒரு பெரியவர் என்னை அணைத்துத் தேற்றினார்.

கூட்டத்துக்குப் பின்னால், நெற்றி நிறைய நாமத்தோடு மாயாண்டியண்ணன் வந்து நின்றார்.

"யாருத்தா செத்தது?"

மேளம் நின்றது. தங்கச்சி திரும்பிப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டது. நிப்பாட்டு அண்ணன்தான் முன்னால் போனார்.

"நீங்கதேண்ணே. ஆனா லைட்டு நல்லா விழுந்திருக்கு."

அன்றைக்கு யாரும் ஆர்டர் பற்றிப் பேசவில்லை. சாயங்காலம் மேனேஜர் எங்கள் இரண்டு பேரையும் நிற்க வைத்து, இது யார் யோசனை, யார் சட்டம் போட்டது என்று கேட்டார். நிப்பாட்டு அண்ணன் சாவகாசமாகச் சொன்னார். "எல்லாம் நாந்தேன் சார். அவன் பார்சலப் பிரிச்சுக்கூடப் பாக்கல." நான் வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது. மறுநாளே அவரை அழகர்கோவில் ரோட்டிலிருந்த கோடவுனுக்குத் தூக்கிப் போட்டார்கள். ஜன்னல் இல்லாத இடம் அது.

பத்து நாள் கழித்து மாயாண்டியண்ணன் ஆளனுப்பிக் கூப்பிட்டார். தான் இல்லாமல் போனால் யார் யார் அழுவார்கள் என்று உயிரோடு பார்த்த மனிதர் இந்த வட்டாரத்தில் தான் ஒருவர்தான் என்று பெருமையாகச் சொன்னார். படத்தை வீட்டுக்குள் விட அவர் மனைவி சம்மதிக்கவில்லையாம். கடையிலேயே மாட்டி, வருகிறவர்கள் துக்கம் விசாரித்த தொல்லை தாங்காமல் கீழே ஒரு அட்டை எழுதித் தொங்கவிட்டிருந்தார்: 'படத்தில் இருப்பவர் உள்ளே இருக்கிறார்.' ஆர்டர் கொடுத்தார். வேலை நிரந்தரமாயிற்று.

கடிதம் கைக்கு வந்ததும் மேனேஜர் அறைக்குள் போய், சட்டம் வாங்கியது நான், யோசனையும் என்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டேன். அவர் கொஞ்ச நேரம் திட்டிவிட்டு, சரி, அவரை மறுபடி ரோட்டுக்கு அனுப்பலாம் என்றார். கோடவுனுக்குப் பறந்தேன். நிப்பாட்டு அண்ணன் இருட்டில் குப்புறப் படுத்திருந்தார். கூரைத் தகட்டில் ஒரு ஓட்டை. அது வழியாக ஒற்றை வெயில் கீற்று தூசியோடு இறங்கி, அடுக்கி வைத்த மோட்டார் பெட்டிகள் மேல் விழுந்து மலையும் பள்ளமுமாகக் காட்டியது. கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார்.

"இம்புட்டு நாளா வெளிய சுத்துனது வேஸ்ட்டு மாப்ள. இந்தக் கீத்து தை மாசம் எங்கிட்டு விழுதுன்னு பாத்துட்டு வாரேன். நீ போ."

அதற்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. தனியாகவே வண்டியை ஓட்டினேன். வாடிப்பட்டி, உசிலம்பட்டி, மேலூர், எங்கே போனாலும் சொன்ன நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தேன். எனக்கு அது கொஞ்சம்கூடப் பிடிக்கவில்லை.