மிளகு வம்சம்

ஒவ்வொரு குடும்பப் பெயருக்குள்ளும் ஒரு பழைய தொழிலைத் தோண்டியெடுத்து நம் மூக்கருகே நீட்டும் ஒரு ஜாதி மனிதர் இங்கிலாந்தில் உண்டு. பேக்கர் என்று ஒருவர் கை நீட்டினால், ரொட்டி சுட்டவன் என்று எடை போட்டு, இவரை எந்த நாற்காலியில் உட்கார வைக்கலாம் என்று மனசுக்குள் தேடி, அதன் பிறகே கையைக் குலுக்குவார். எல்லாம் எழுநூறு வருஷத்துக்கு முந்தைய தொழில். அதனால் என்ன?

சட்பரியில் என் அடுத்த வீட்டுக்காரர் காட்ஃப்ரி ஸ்பைசர் இந்த இனத்தில் நன்றாக முற்றியவர். ஸ்பைசர் என்றால் மிளகும் கிராம்பும் விற்றவர். கப்பல், துறைமுகம், பிரபுக்களின் சமையற்கட்டு என்று அவர் அடுக்கும்போது கண் கலங்கும். அவர் முப்பது வருஷம் பார்த்தது இன்சூரன்ஸ் வேலை. முட்டையில் மிளகு தூவினால் தும்முவார்.

மகள் ஹேரியட் காதலித்த பையனின் பெயர் டோபி ஃபுல்லர். ஃபுல்லர் என்றால் கம்பளித் துணியைத் தொட்டியில் போட்டு மிதித்தவன். தொட்டியில் இருந்தது ஊறிய மூத்திரம். டோபி ஆஸ்பத்திரியில் சிறுநீரகப் பிரிவில் நர்ஸ் என்று தெரிந்ததும் ஸ்பைசருக்குப் பரம திருப்தி.

"பாத்தியா மொரீன், ரத்தம் விடுமா?" என்றார் மனைவியிடம்.

கல்யாணத்தன்று சர்ச் வாசலிலிருந்து பீடம் வரை அப்பா கையைப் பிடித்து நடக்க வேண்டும் என்பது ஹேரியட்டின் சிறு வயது ஆசை. அவர் நிபந்தனை போட்டார்: கல்யாணத்துக்குப் பிறகும் அவள் ஸ்பைசராகவே இருக்க வேண்டும், ஃபுல்லர் ஆகிறவளோடு அவர் நடக்க மாட்டார். மூன்று ஞாயிறு கெஞ்சினாள். நாலாவது ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்கு நடுவில், கத்தியைத் தட்டில் வைத்தாள்.

"அப்பா, போன மாசம் ஆஸ்பத்திரில கெடந்த அத்தையத் தூக்கி உக்கார வச்சுக் குளிப்பாட்டினது டோபிதான். அப்ப எந்தப் பேரு நாறுச்சு?"

"அது உத்தியோகம்மா. இது வம்சம்."

"அப்ப வம்சமே உங்க கையப் புடிச்சு நடக்கட்டும்."

கல்யாணத்தன்று மொரீன்தான் மகளை அழைத்து நடந்தாள். ஸ்பைசர் வரவில்லை என்று நினைக்காதீர்கள். வந்தார், கடைசி வரிசையில், என் பக்கத்தில். ஹேரியட் அங்கே ஒரு கணம் நின்று அவரைப் பார்த்தாள். அவர் எழுந்தால் போதும். அவரோ என் காதருகே குனிந்து, பாதிரியார் பெயர் பார்க்கர், மரப்பட்டை உரித்துத் தோல் பதனிட்ட கூட்டம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் நடந்து போய்விட்டாள்.

நமக்குத்தான் குடும்பப் பெயரே கிடையாதே என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் மகள் ஒரு பையனின் பெயரைச் சொன்ன அன்று, அந்தப் பெயரைக் காதிலேயே வாங்காமல், "ஊர்ல எந்தத் தெருவாம்?" என்று கேட்டது யார்?