மாமனாரின் கறுப்பு வண்டி

கீறல் என்னவோ சுண்டுவிரல் நீளம்தான். ஆனால் அதைப் பார்த்த மாப்பிள்ளை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

வண்டி மாமனாருடையது. அந்தக் கறுப்பு மோட்டார் சைக்கிளை அவர் தினமும் காலையில் பழைய பனியனால் துடைப்பார். குனிந்து குனிந்து ஒவ்வொரு கம்பியாகப் பார்ப்பார். யாராவது பக்கத்தில் வந்தால் முறைப்பார். வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து இத்தனை காலமாகியும் நம் ஆளை அவர் வண்டிப் பக்கம் விட்டதில்லை. இப்போதுதான் முதல்முறையாக, வெளியூர் கிளம்பும்போது சாவியைக் கையில் கொடுத்தார்.

“தினம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி அணைச்சுடுங்க. ஓட்ட வேணாம். உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன், மாப்பிள்ளை.”

மாப்பிள்ளைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அலுவலகத்தில் பதவி உயர்வு வந்தபோதுகூட அவர் இவ்வளவு மகிழ்ந்ததில்லை. அந்த மகிழ்ச்சியில், வண்டியை வெளிச்சத்தில் நிறுத்தி ஸ்டார்ட் பண்ணுவோமே என்று வாசல் பக்கம் தள்ளினார். இரும்பு கேட்டில் துருத்திக்கொண்டிருந்த தாழ்ப்பாள், கிர்ரென்று ஃப்ரேமை உரசியது.

“பார்த்தா ஒண்ணும் தெரியலைங்க,” என்றாள் மனைவி. கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்பாவுக்குத் தெரியும்,” என்றாள்.

மாப்பிள்ளை பெயின்ட் கடைக்கு ஓடினார்.

“கறுப்பு ஸ்ப்ரே ஒண்ணு குடுங்க.”

“பளபளக் கறுப்பா, மங்கல் கறுப்பா?”

“கறுப்புன்னா கறுப்புதானே?”

கடைக்காரர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். “எதுக்கு?”

“வண்டிக்கு. சின்னக் கீறல்.”

“எல்லாரும் சின்னக் கீறல்னுதான் வர்றாங்க,” என்று கைக்கு அகப்பட்ட டப்பாவை எடுத்துக் கொடுத்தார்.

அது மங்கல் கறுப்பு. காய்ந்ததும், பளபளக்கும் ஃப்ரேமில் அந்த இடம் மட்டும் அடுப்புக்கரி பூசியதுபோல் இருந்தது. திரும்ப ஓடிப் பளபளக் கறுப்பு வாங்கி வந்தார். ஆத்திரத்தில் கிட்டே வைத்து அழுத்தியதில் பெயின்ட் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. துடைத்தார். துணி ஒட்டிக்கொண்டது. துணியைப் பிய்த்தார். நூல் மட்டும் பிடிவாதமாக அங்கேயே நின்றது.

“ஒழுகிடுச்சா?” என்றார் கடைக்காரர், இவர் தலை தெரிந்ததுமே. “உப்புத்தாள் போட்டுத் தேய்ங்க.”

தேய்த்தார். கறுப்பு போய் நீலம் வந்தது. திடுக்கிட்டு இன்னும் தேய்த்தார். நீலம் போய்ச் சிவப்பு வந்தது.

‘கம்பெனிக்காரன் எத்தனை பூச்சு கொடுத்திருக்கான் பாரு. அந்தக் காலத்து வண்டின்னா சும்மாவா’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சிவப்பின் ஓரத்தில் கொஞ்சம் பச்சையாக ஏதோ தெரிந்தது. பாசி பிடித்திருக்கிறது என்று அதையும் சுத்தமாகத் தேய்த்து எடுத்தார். இப்போது உள்ளங்கை அளவுக்கு வெறும் இரும்பு பல்லைக் காட்டியது.

இனி அந்த இடத்துக்கு மட்டும் அடித்தால் திட்டாகத் தெரியும். ஒரு பக்கம் முழுக்க அடித்துவிடுவது என்று டப்பாவைக் குலுக்கினார். மாமியார் கொல்லையிலிருந்து வந்து, கொடியில் காய்ந்த துணிகளை அவசரமாக உருவினார்.

“வண்டியைத் துடைக்கலாம்னு எடுத்தேன் அத்தை,” என்றார் மாப்பிள்ளை, டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி.

“துடைங்க, துடைங்க. இந்தப் பழைய போர்வையை இன்ஜின் மேல போட்டுக்கங்க, கறை ஆகாம இருக்கும்.”

நல்லவேளை, வெகுளியான மாமியார் என்று மாப்பிள்ளை பெருமூச்சு விட்டார்.

இடது பக்கம் புதிதாக மின்னியது. அதனால் வலது பக்கம் பழசாகத் தெரிந்தது. வலது பக்கமும் அடித்தார். சைலன்சரில் பெயின்ட் தெறித்தது. தின்னர் ஊற்றித் துடைத்தார். தின்னர் வழிந்து, புதுப் பெயின்ட் கூழாகி வந்தது. கடைசியில் சீட்டு, மூடிகள், கால் வைக்கும் கட்டைகள் எல்லாவற்றையும் கழற்றி, துணிக்கொடியில் வரிசையாகத் தொங்கவிட்டு அடித்தார். எல்லாம் காய்ந்து திரும்ப மாட்டி முடித்தபோது தரையில் சில நட்டுகள் மிச்சம் இருந்தன.

“இது எதோடதுங்க?” என்றாள் மனைவி.

“எக்ஸ்ட்ராவா குடுத்திருப்பாங்க.”

“அப்பாவோட வண்டி மாதிரியே இல்லையேங்க.”

உண்மைதான். வண்டி ஷோரூமிலிருந்து அன்றுதான் இறங்கியதுபோல் இருந்தது. கீறல் போன இடம் தெரியவில்லை. ஆனால் குருடனுக்குக்கூட விஷயம் தெரிந்துவிடும். ‘உங்களை நம்பித்தான்’ என்று சாவியை நீட்டிய கை மாப்பிள்ளைக்கு நினைவுக்கு வந்தது. பாவம், மாப்பிள்ளை அன்று சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

மாமனார் வந்து இறங்கினார். பையைக்கூடக் கீழே வைக்காமல் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். முகம் வெளுத்தது.

“நான்தான் மாமா. கீறிட்டேன். மறைக்கப் பார்த்தேன். மன்னிச்சுடுங்க.”

மாமனார் மெதுவாக வாசற்படியில் உட்கார்ந்தார். “இடது பக்கம், அந்தத் தாழ்ப்பாள்தானே?”

“உங்களுக்கு எப்படி மாமா தெரியும்?”

மாமனார் சமையலறை ஜன்னலை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். “தேய்ச்சப்போ நீலம் வந்துச்சா?”

“வந்துச்சு.”

“அது நான் அடிச்சது. திரும்பவும் இடிச்சேன். மேல கறுப்பை அடிச்சேன்.”

“உங்க வண்டிக்கு நீங்க யாருக்கு மாமா பயப்படணும்?”

“என் வண்டியா? இது உங்க அத்தையோடது. கல்யாணத்துக்கு முன்னாடி அவ சொந்தச் சம்பாத்தியத்துல வாங்கினது. நானும் இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையா வந்தவன்தானே. உங்களை நம்பித்தான் தர்றேன்னு சாவியைக் குடுத்தா. அன்னிக்கே இடிச்சேன். துரு பிடிக்காம இருக்கட்டும்னு பொய் சொல்லி வண்டி பூரா நீலம் அடிச்சேன். எவ்வளவு அழகான சிவப்பு தெரியுமா அது. நான் தினமும் துடைக்கிறது பாசத்துல இல்ல மாப்பிள்ளை, எங்கயாவது உரிஞ்சு கீறல் தெரியுதான்னு பார்க்கத்தான்.”

சொல்லும்போது அவர் கண் கலங்கியது. மாப்பிள்ளைக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. கையெல்லாம் பெயின்டாக இருந்ததால் பக்கத்தில் மட்டும் உட்கார்ந்துகொண்டார்.

அப்போது மாமியார் தின்னரில் நனைத்த துணியோடு வந்து நின்றார். இருவரும் சட்டென்று எழுந்தார்கள். அவர் துணியை மாப்பிள்ளையிடம் நீட்டினார்.

“கையைத் துடைச்சுட்டு ரெண்டு பேரும் சாப்பிட வாங்க,” என்றார். “அந்தச் சிவப்பை நினைச்சு ஒண்ணும் வருத்தப்படாதீங்க. வாங்கும்போது அது பச்சை; கேட்டைத் தாண்டுறதுக்குள்ள நானே இடிச்சுட்டேன்.”