ஓடைக்கரையில் சொஜ்ஜி

ஓடைக்கரைப் பாறை மேல் அப்பா டிபன் கேரியரைத் திறந்ததும் நகுலின் சந்தேகம் உறுதியாயிற்று. மேல் அடுக்கில் சொஜ்ஜி. கீழே பஜ்ஜி.

இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் மாட்டுங்கா தமிழர் வீடுகளில் ஒரே அர்த்தம்தான். பெண் பார்க்கிறார்கள்.

காலையிலிருந்தே எதுவும் சரியில்லை. அப்பா வெங்கடேஸ்வரன் தாதர் கடற்கரையில்கூடச் செருப்பைக் கழற்றாதவர். அவர்தான் கர்ஜத் பக்கம் மலை ஓடையில் படகு விடலாம் என்று நச்சரித்து அழைத்து வந்திருந்தார். தலைக்குச் சாயம் வேறு. சம்பந்தி வீட்டார் முன் மதிப்பாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பார்.

வந்த இடத்தில் தற்செயலாக என்பதுபோல் பத்மஜா மாமி. நெருளில் தனியாக இருப்பவர், பாங்கில் ரிட்டயர் ஆனவர், மழைக்காலம் வந்தால் இந்த ஓடையில் துடுப்புப் போடுகிறவர். கூடவே அவருடைய அக்கா பெண் ரஞ்சனா, முப்பது வயதிருக்கும். பெண் பார்க்கும் இடத்தில் பெண்ணே மூன்றாவது பஜ்ஜியை எடுப்பதை நகுல் அப்போதுதான் பார்த்தான்.

அம்மா போய்ப் பல வருஷம். நகுலின் மனைவி போய் ஒன்றரை வருஷம். அவள் கடைசியாகக் காபி குடித்த டம்ளர் சமையலறை ஜன்னலில் அப்படியே இருக்கிறது. புதிதாக ஒருத்தி வந்தால் முதல் நாளே அதைக் கழுவி அலமாரியில் கவிழ்த்துவிடுவாள். அது நடக்கக் கூடாது. அவனுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

படகுக்காரன் தாஹிர் தாராவியில் பிறந்தவன், பேச்சு மட்டும் திருநெல்வேலி. "இது அணை தொறந்து விடுத தண்ணி இல்லண்ணே. மேல மழை பெஞ்சா ஓடை, நின்னா வெறுங்கல்லு. இப்ப அளவா இருக்கு. ரெண்டு ரெண்டு பேரா ஏறுங்க."

"நான் பத்மஜாவோட ஏறிக்கறேன்" என்றார் அப்பா, அவசரமாக.

மிச்சம் ரஞ்சனா. திட்டம் புரிந்தது. நகுல் ஒரே தாவலில் மாமியின் படகில் முன்பக்கம் உட்கார்ந்துகொண்டான். அப்பாவின் முகம் தொங்கிப்போனது. அவனுக்குத் திருப்தியாக இருந்தது.

"நல்லதாப் போச்சு" என்றார் மாமி பின்னாலிருந்து. "உன்கிட்டதான் பேசணும்."

தப்பித்து வந்து சரியாக மாட்டிக்கொண்டிருந்தான். சரி, கேட்டதற்கெல்லாம் தாறுமாறாகப் பதில் சொல்லிச் சம்பந்தத்தைக் கெடுத்துவிடலாம்.

முதல் இறக்கத்தில் படகு குதித்தது. நுரை முகத்தில் அறைந்தது.

"வலது பக்கம் போடு. உங்காத்துக்குப் புதுசா ஒருத்தி வந்தா ஒத்துப்போவியா?"

"மாட்டேன்."

"இழுத்துப் போடு, பாறை வரது. அப்பா எப்படி?"

"குறட்டை. சுவர் அதிரும். ஊறுகாயை விரலால எடுப்பார். வரவ ரெண்டே நாள்ல ஓடிடுவா."

மாமி துடுப்பை அழுத்திப் போட்டார். வேலை செய்கிறது என்று நினைத்தான்.

"நீ எதைத்தான் பொறுத்துக்க மாட்டே?"

"எங்காத்துல ஒரு டம்ளரை யாரும் நகர்த்தக் கூடாது."

"யாரோட டம்ளர்?"

அவன் துடுப்பை நிறுத்திவிட்டான். அதுதான் தப்பு. படகு குறுக்காகத் திரும்பி, பாறையில் ஏறி, கவிழ்ந்தது.

"மல்லாக்கப் படு, காலைத் தூக்கு" என்று குரல் கேட்டது. அவனுடைய லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து யாரோ இழுத்தார்கள். கரையில் விழுந்த பிறகுதான் அது மாமி என்று தெரிந்தது.

அப்பாவும் ரஞ்சனாவும் ஏறிய படகு டிபன் கேரியரோடு ஒழுங்காக வந்து சேர்ந்தது. அப்பா துண்டோடு ஓடிவந்தார். கையை நீட்டிய நகுலைத் தாண்டிப் போய்த் துண்டை மாமியிடம் கொடுத்தார். சம்பந்தியை இப்படியா தாங்குவார் ஒரு மனுஷர்?

மாமி துவட்டிக்கொண்டே ரஞ்சனாவின் காதில் ஏதோ சொன்னார். ரஞ்சனா டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு நேராக நகுலிடம் வந்தாள். இனி மறைப்பதில் பயனில்லை.

"மன்னிச்சுக்கோங்கோ" என்றான். "எனக்கு இன்னொரு கல்யாணம் வேண்டாம்."

ரஞ்சனா சொஜ்ஜியை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"உங்களுக்கு யார் பார்த்தா? கல்யாணம் உங்கப்பாவுக்கும் சித்திக்கும். டம்ளரைத் தொடமாட்டாளாம், குறட்டைக்குப் பஞ்சு வெச்சுக்கறாளாம், பையனுக்குச் சம்மதமான்னு கேட்டுண்டு வரச் சொன்னா."