நீலம் போன வழி

அன்பும் மரியாதையும் மிகுந்த அத்தானுக்கு,

இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். எங்கள் மேட்டுக்குக் கீழே நீங்களும் அக்காவும் சுகமாகத்தான் இருப்பீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே கொட்டாவி விடுவீர்கள் என்பதால் கடிதம். கூடவே எங்கள் சலவைக் கூட்டுறவுச் சங்கத்தின் நிலைத்தன்மை அறிக்கையும் வருகிறது. பிழை இருந்தால் திருத்தித் தரவும்.

அதென்ன அறிக்கை என்று கேட்பீர்கள். நானும் அதையேதான் கேட்டேன். எங்களுக்குத் துணி போடும் பெரிய ஓட்டல்காரர்கள், எவ்வளவு தண்ணீர் எடுக்கிறீர்கள், அழுக்குத் தண்ணீர் எங்கே போகிறது, அதனால் யாருக்கு என்ன கேடு என்றெல்லாம் வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் வேறு சலவை நிலையம் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். ஓட்டல் துணி போனால் எங்களில் பாதிப் பேருக்கு வேலை இல்லை. செயலாளராகப் போன பாவத்துக்கு எழுதுகிற வேலை என் தலையில். தண்ணீர் எங்கே போகிறது என்று எல்லோரையும் கேட்டேன். இத்தனை வருஷமாகத் தொட்டியைத் திறந்துவிடுகிறோம், கடகடவென்று ஒரு ஓட்டைக்குள் போகிறது, அத்தோடு சரி! இஸ்திரிக்காரர், "ஆத்துக்குத்தான் போகும்" என்றார். வண்டிக்காரர், "ஆறு நம்மளவிட மேட்டுல இருக்கு, தண்ணி என்ன ஏணி வச்சா ஏறும்?" என்றார். அன்றைக்குப் பிடித்தது எனக்குப் பைத்தியம். சாப்பிடும்போதும் அதே யோசனை, எங்கேதான்யா போகும்? கடைசியில் நான்தான் சொன்னேன், வெள்ளைத் துணிக்குப் போடுகிற நீலத்தை மொத்தமாகக் கரைத்து ஓட்டையில் ஊற்றுவோம், எங்கே நீலமாக வருகிறதோ அதுதான் வழி என்று. ஊற்றினோம். ஆளுக்கொரு சாக்கடையில் குனிந்து நின்றோம். தெருவில் போனவர்கள் "என்னத்தத் தொலைச்சீங்க?" என்று கேட்டுவிட்டுத் தாங்களும் குனிந்தார்கள். பொழுது சாய்ந்தது, முதுகு பிடித்தது, பொட்டு நீலம்கூடக் கண்ணில் படவில்லை.

உடனே கூட்டம் போட்டோம். சோப்பு வாங்குவதிலிருந்து விளக்குமாறு மாற்றுவதுவரை எங்கள் சங்கத்தில் எல்லாமே கை தூக்கித்தான், உங்களுக்குத் தெரியாததா! பொருளாளர் அம்மா எழுந்து, "நீலம் எங்கயும் வரல. அப்போ தண்ணி யாருக்கும் போய்ச் சேரல. யாருக்கும் கேடில்லைன்னு எழுதிடலாமா? சரிங்கிறவங்க கை தூக்குங்க" என்றார். அத்தனை கையும் மேலே! எனக்கு மட்டும் உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. ஊத்தின தண்ணி மாயமாவா போகும்? ஆனாலும் என் கையும் மேலேதான் இருந்தது அத்தான், பொய் சொல்வானேன். 'எங்கள் தண்ணீரால் ஒரு ஈ எறும்புக்கும் தீங்கில்லை' என்று அழகாக எழுதி முடித்துவிட்டேன்.

அக்காவை விசாரித்ததாகச் சொல்லவும். இருவரும் நூறாண்டு இருந்து என்னைத் திட்ட வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அக்கா வாளியோடு வந்து நிற்கிறாள். "காலையில உங்க அத்தான் கிணத்துத் தண்ணில மூஞ்சி கழுவினாருடா, வெள்ளை மீசை நீலமாயிடுச்சு. மனுஷன் இன்னும் கண்ணாடி பாக்கல" என்கிறாள். சிரிப்பு வந்தது. வாளிக்குள் எட்டிப் பார்த்ததும் நின்றுவிட்டது. இத்தனை வருஷமா நீங்க ரெண்டு பேரும் எங்க அழுக்குத் தண்ணியையா குடிச்சீங்க? கிணற்றைத் தொடாதீர்கள், வண்டிக்காரர் இந்தக் கடிதத்தோடு நல்ல தண்ணீரும் கொண்டுவருகிறார். அறிக்கையைக் கிழித்துவிட்டேன். நாளைக் காலை மறுபடி கூட்டம். மீசையைக் கழுவாமல் வந்து முன்வரிசையில் உட்காருங்கள். எவன் கை தூக்குகிறான் பார்க்கிறேன்.