எலி அறையில் பந்தி வஞ்சனை

மரியாதைக்குரிய நாத்தனார் அண்ணி அவர்களுக்கு, உங்கள் தம்பி மனைவி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் மகள் குருவியும் சுகம். அங்கே உங்கள் முழங்கால், உங்கள் ரத்த அழுத்தம், உங்கள் மருமகள் மூன்றும் அடங்கி இருக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதம் வந்தது. தம்பி போய்ப் பத்து மாதமாகிறது, ஆண் துணை இல்லாமல் தாயும் மகளும் எப்படி இருக்கிறீர்களோ, பெட்டியைக் கட்டிக்கொண்டு நானே வந்து உங்களோடு இருந்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் நல்ல மனசு. ஆனால் வர வேண்டாம் அண்ணி. சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்பீர்கள், அதற்குத்தான் இந்தக் கடிதம். ஐந்தாவது வரை படித்த கை, வரி கோணலாகப் போனால் நீங்களும் தலையைச் சாய்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

நான் வேலைக்குப் போவது உங்களுக்குத் தெரியும். என்ன வேலை என்று தெரியாது. மூளை ஆராய்ச்சி செய்கிற இடத்தில் எலி அறையில் வேலை. முகம் சுளிக்காதீர்கள், அந்த எலிகள் நம் வீட்டுக் குழந்தைகளைவிடச் சுத்தமாக இருக்கின்றன. நான் உள்ளே போவதற்குள் தலைக்குத் தொப்பி, வாய்க்குத் துணி, காலுக்கு உறை, கைக்கு உறை என்று என்னைத்தான் கிருமி மாதிரி மூடுகிறார்கள். அங்கே இரண்டு வரிசை கூண்டு. எல்லாம் மாசமான எலிகள். இடது வரிசைக்குச் சாம்பல் மூடி டப்பாவில் இருந்து சாதாரணத் தீனி, வலது வரிசைக்கு நீல மூடி டப்பாவில் இருந்து சத்துச் சேர்த்த தீனி. வாரக் கடைசியில் ஒரு பெண் வந்து மிச்சத் தீனியை எடை போட்டு எழுதிக்கொண்டு போவாள். இதுதான் வேலை. முதல் நாளே பெரிய டாக்டரம்மா கூப்பிட்டு விளக்கினார். நம் குருவி மாதிரி டவுன் சிண்ட்ரோமோடு பிறக்கிறவர்களுக்கு நாற்பது ஐம்பது வயதிலேயே ஞாபகம் போகிற அல்சைமர் வியாதி வர அதிக வாய்ப்பாம். அந்த எலிகளுக்குப் பிறக்கிற குட்டிகளில் சிலதும் அப்படித்தானாம். தாய் மாசமாக இருக்கும்போதே இந்தச் சத்தைக் கொடுத்தால் குட்டியின் மூளைக்குப் பின்னாளில் தெம்பு இருக்குமா என்று பார்க்கிறார்களாம். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அது என்னம்மா சத்து?" என்று கேட்டுவிட்டேன்.

"கோலின்னு பேரு. முட்டை மஞ்சள் கருவுல நிறைய இருக்கும்" என்றார்.

முட்டையாம் அண்ணி. முட்டை! உலகத்தில் எத்தனையோ பண்டம் இருக்க, வந்து வந்து முட்டையிலா இருக்க வேண்டும்? குருவி வயிற்றில் இருந்தபோது எனக்கென்று நீங்கள் தினம் இரண்டு முட்டை அவித்துக் கொண்டுவந்து வைப்பீர்கள். எனக்கு அந்த வாடையே ஆகாது. நீங்கள் தலையைத் திருப்பியதும் உங்கள் தம்பி வாயில் போய்விடும். ஏழாவது மாதம் அவர் மீசையில் மஞ்சள் கரு ஒட்டியிருந்ததைப் பார்த்துக் கையும் களவுமாகப் பிடித்தீர்கள். அன்றைக்கு ஆரம்பித்தது. குருவி பிறந்து, டாக்டர் விஷயத்தைச் சொன்னபோது, "முட்டையைத் தின்னுடின்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டாளா?" என்று அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் சொன்னீர்கள். பிறகு கல்யாண வீட்டில், சாவு வீட்டில், போன வருஷம் ரயில் நிலையத்தில் முன்பின் தெரியாத ஒரு அம்மாவிடம்கூடச் சொன்னீர்கள். குருவிக்கு இப்போது நாற்பத்தொரு வயது. நாற்பத்தொரு வருஷமாக நான் முட்டைக் கடையைத் தாண்டும்போது எதிர்ப்பக்கம் பார்த்துத்தான் நடக்கிறேன்.

இந்த மனசோடு இடது வரிசைக்குத் தீனி போட்டுப் பாருங்கள். எல்லாம் வாயும் வயிறுமாக இருக்கிறது, மூக்கைக் கம்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டு எதிர் வரிசையைப் பார்க்கிறது. ஒரு பந்தியில் உட்கார்ந்த பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு இவளுக்கு ஒன்று அவளுக்கு ஒன்று என்று பரிமாறினால் அந்தக் கை விளங்குமா? பதினைந்து நாள் பொறுத்தேன். பதினாறாம் நாள் நீல மூடியைத் திறந்து இடது வரிசைக்கும் ஆளுக்கு நாலு வில்லை போட்டேன். ராத்திரி நன்றாகத் தூக்கம் வந்தது. அவர் போன பிறகு அப்படித் தூங்கியது அன்றைக்குத்தான். அதற்காகவே தினமும் போட்டேன்.

வாரக் கடைசியில் எடை போடுகிற பெண் வந்தாள். பார்த்தாள், மறுபடி பார்த்தாள், ஓடினாள். இடது வரிசை தன் தீனியைத் தொடவில்லை, வலது வரிசை இரண்டு பங்கு தின்றிருக்கிறது, ஏதோ நோய் பரவிவிட்டது என்று அறையை மூடிவிட்டார்கள். சுவரில் இருந்து தரை வரை மருந்து போட்டுத் துடைத்தார்கள். துடைத்தது யார், நான்தான். தண்ணீரில் குறையா என்று குழாயைக் கழற்றினார்கள். கடைசியில் கால்நடை டாக்டரைக் கூட்டி வந்தார்கள். அவர் இடது வரிசையில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"நோயும் இல்ல நொடியும் இல்ல. எடையும் குறையல, கொழுகொழுன்னு இருக்கு. ஆனா சாப்பிடலைங்கறீங்க. காத்தைக் குடிச்சா வாழுது?"

"அதான் டாக்டர் எங்களுக்கும் புரியல."

"பழகின ஆள் யாராவது இருக்காங்களா? தினம் தீனி போடறது யாரு?"

எல்லாத் தொப்பியும் என் பக்கம் திரும்பியது. ஒரு எலி வேறு என் கையுறையை மோந்து பார்த்துவிட்டு, கொண்டு வந்தாயா என்கிற மாதிரி விரலைப் பிடித்துக்கொண்டது. அதற்கு மேல் நான் என்னத்தைச் சொல்ல.

பெரிய டாக்டரம்மா தன் அறைக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினார். "நாலு மாச வேலை போச்சும்மா. எது சத்துனால நடந்தது, எது இல்லாம நடந்ததுன்னு இனிமே எப்படிச் சொல்வேன்? ஏன் இப்படிப் பண்ணீங்க?" என்றார். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை, மெதுவாகக் கேட்டார். நானும் முட்டை, மீசை, நீங்கள், ஆஸ்பத்திரி வராந்தா எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள், உங்களைப் பற்றி இரண்டு வார்த்தை கூடத்தான் வந்துவிட்டது. கடைசியில் கேட்டேன். "நான் முட்டை தின்னாததுனாலதான் என் பொண்ணு இப்படிப் பொறந்தாளாம்மா?"

அவர் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"இல்லம்மா. கரு உண்டாகறப்பவே குரோமோசோம் ஒண்ணு கூடுதலா வந்துடுது. நீங்க முதல் வாய் சாப்பாடு சாப்பிடறதுக்கு முன்னாலயே முடிஞ்ச விஷயம் அது. கூடுதலா வந்த அதுலதான் அல்சைமருக்குக் காரணமான ஒரு புரதத்தை அதிகமாக்கற சங்கதியும் இருக்கு. அதனாலதான் ரெண்டையும் சேர்த்துப் பார்க்கறோம். நீங்க கூடை கூடையா முட்டை தின்னிருந்தாலும் உங்க பொண்ணு இதே பொண்ணாத்தான் பொறந்திருப்பா."

"அப்ப அந்தச் சத்து?"

"பின்னாடி மூளைக்குக் கொஞ்சம் உதவுமான்னுதான் தேடறோம். எலிங்ககிட்ட நம்பிக்கை தெரியுது. மனுஷங்க விஷயத்துல இன்னும் அடிச்சுச் சொல்ல முடியாது. எங்களுக்கே தெரியாததை நாற்பத்தொரு வருஷத்துக்கு முன்னாடி நீங்க எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?"

அண்ணி, நான் அழவில்லை. சிரித்துவிட்டேன். அந்த அம்மா பயந்து தண்ணீர் கொடுத்தார். எனக்கு ஒன்றுதான் தோன்றியது, இதைக் கேட்க உங்கள் தம்பி இல்லையே. பாவம், அவரும் அத்தனை வருஷம் முட்டையைத் தொடவில்லை. தின்றது தன் குற்றம் என்று அவருக்கு, தின்னாதது என் குற்றம் என்று எனக்கு. ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

வேலை போகவில்லை. அதற்குப் பதில் புதிதாக ஒரு விதி வந்தது. இப்போது டப்பாக்களில் சாம்பலும் இல்லை நீலமும் இல்லை, ஒன்றில் வட்டம், ஒன்றில் முக்கோணம். எதில் சத்து என்று பெரிய டாக்டரம்மாவின் பூட்டின மேஜைக்குத்தான் தெரியும், எடை போடுகிற பெண்ணுக்கும் தெரியாது. "முதல்லயே இப்படித்தான் செஞ்சிருக்கணும், தப்பு எங்க மேலயும்தான்" என்றார். எனக்கு இப்போது யாருக்காகப் பரிதாபப்படுவது என்றே தெரியவில்லை, அதனால் எல்லாவற்றையும் பொதுவாகத் தடவிக் கொடுத்துவிட்டு வருகிறேன்.

அதே கட்டடத்தில் ஞாபக டாக்டர் ஒருவர் இருக்கிறார். குருவியைக் கூட்டி வரச் சொன்னார்கள். சாவி, குடை, பூனை, கரண்டி, செருப்பு என்று ஐந்து படம் காட்டி, வேறு பேச்சுப் பேசிவிட்டுத் திரும்பக் கேட்டார். குருவி ஐந்தையும் மணி மணியாகச் சொன்னாள். "அம்மா, நீங்களும் சும்மா சொல்லுங்களேன்" என்றார். நான் குடை, பூனை, முட்டை என்றேன்.

"முட்டையே இல்லம்மா அதுல" என்று குருவி தலையில் அடித்துக்கொண்டாள்.

எனக்கு வெட்கமாகப் போயிற்று. பேச்சை மாற்ற, டாக்டரின் காதோரம் சொன்னேன், "வீட்டுல கொஞ்சம் மறதி இருக்கு டாக்டர். அவங்கப்பா இறந்து பத்து மாசமாகுது. இன்னும் சாப்பாட்டு மேஜைல மூணு தட்டு வைக்கிறா." இதுதான் ராத்திரி பகலாக என்னை அரித்துக்கொண்டிருந்த பயம் அண்ணி, உங்களுக்குக்கூட எழுதவில்லை. நான் காதோரம் சொன்னால் என்ன, குருவிக்குப் பாம்புச் செவி.

"எனக்கு ஒண்ணும் மறதி இல்ல டாக்டர். அப்பா செத்துட்டாரு, எனக்குத் தெரியும். அம்மாதான் தினம் மூணு பேருக்கு ஆக்குறாங்க. மூணாவது சாப்பாட்டை எங்க வைக்கிறது? அதான் தட்டு வைக்கிறேன்" என்றாள்.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். இப்போதைக்கு அவளுக்குப் பயமில்லை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை கூட்டி வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். வழியில் முட்டைக் கடை. எதிர்ப்பக்கம் பார்க்காமல் நேரே போய் ஆறு முட்டை வாங்கினேன். குருவி இரண்டு தின்றாள். நான் ஒன்று. வாடை ஒன்றும் தெரியவில்லை.

ஆகையால் அண்ணி, நாங்கள் நிம்மதியாக இருக்கிறோம். எனக்கு வேலை இருக்கிறது, குருவிக்கு ஞாபகம் இருக்கிறது. நாற்பத்தொரு வருஷம் நான் கேட்ட அந்த ஒரு வார்த்தையை இந்த வீட்டுக்குள் மறுபடி கேட்க எனக்குத் தெம்பில்லை. அதனால்தான் வர வேண்டாம் என்கிறேன், கோபத்தில் இல்லை. நேற்றிலிருந்து இரண்டு பேருக்குத்தான் ஆக்குவது என்றும் தீர்மானித்துவிட்டேன். உங்கள் முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். மருமகளை ரொம்பப் படுத்தாதீர்கள். பெரியவர்கள் எல்லோருக்கும் என் வணக்கம், சின்னவர்கள் தலையில் என் சார்பில் கை வையுங்கள்.

இப்படிக்கு,
மரியாதை மாறாத உங்கள் தம்பி மனைவி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனேன், குருவி சாப்பிடக் கூப்பிட்டாள். மேஜையில் மூன்று தட்டு. அடுப்படியில் பார்த்தேன், மூன்று பேருக்குத்தான் ஆக்கியிருக்கிறேன். முட்டைகூட மூன்று அவித்திருக்கிறேன். "இது யாருக்கும்மா?" என்று மூன்றாவது முட்டையைக் காட்டிக் கேட்டாள். அப்புறம்தான் உறைத்தது, எனக்குப் புருஷன் போனால் உங்களுக்கும் தம்பி போயிருக்கிறார், நான் ஒரு நாளும் அதைக் கேட்கவில்லை. அண்ணி, பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பி வாருங்கள். முட்டையை உரித்து வைக்கிறேன். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் தின்ன வேண்டும், அவ்வளவுதான்.